புடைப்பின் கழுத்தே முடிவு செய்கிறது: மூளை இரத்தக் குழாய்ச் சிகிச்சையில் காயிலும் ஸ்டென்டும்

டர்பனிலும் அதைச் சுற்றியுள்ள ஊர்களிலும் ஸ்டென்ட் என்ற சொல்லைக் கேட்டறியாத தமிழ்க் குடும்பம் அரிது. நீரிழிவும் இதய நோயும் தென்னாப்பிரிக்க இந்தியரிடையே பரவலாக இருப்பதால், சாட்ஸ்வர்த்திலோ ஃபீனிக்ஸிலோ ஒரு கல்யாண வீட்டுக்குப் போனால், நெஞ்சுவலி வந்து ஸ்டென்ட் வைத்துக்கொண்ட மாமாவோ பெரியப்பாவோ ஒருவராவது அங்கே இருப்பார். ஆகவே மூளையில் இரத்தக் கசிவு ஏற்பட்ட ஒருவரின் குடும்பத்தாரிடம் மருத்துவர் வந்து, காயில் (மெல்லிய பிளாட்டினக் கம்பிச் சுருள்) வைக்க வேண்டும், ஸ்டென்டும் (வலைக்குழாய்) தேவைப்படலாம் என்று சொல்லும்போது, கேட்பவர்கள் இதயத்து ஸ்டென்டையே நினைத்துக்கொள்கிறார்கள்: குழாயில் எங்கோ அடைப்பு இருக்கிறது, அதைத் திறக்கப் போகிறார்கள் என்று. நடப்பது கிட்டத்தட்ட அதற்கு எதிரானது. இதயத்தில் ஸ்டென்ட் அடைபட்ட குழாயை விரித்துத் திறக்கிறது; மூளையில், இந்த நோய்க்காக வைக்கப்படும் ஸ்டென்ட், நல்ல குழாயைத் திறந்தபடி காத்துக்கொண்டு, அதன் பக்கத்தில் புடைத்து நிற்கும் பையை, அதாவது புடைப்பை, அடைத்துவிட உதவுகிறது.

இந்த வேறுபாடு புரியாதபோதுதான் வீண் மனக்குறைகள் எழுகின்றன. ஒரே நோய்க்கு ஒருவருக்குக் காயில் மட்டும் வைக்கிறார்கள், இன்னொருவருக்குக் காயிலோடு ஸ்டென்டும் வைக்கிறார்கள், மூன்றாமவருக்கு மண்டையோட்டைத் திறந்து புடைப்பின் அடியை இறுக்கும் கிளிப் போடுகிறார்கள். மண்டையைத் திறந்தால் அது பழைய முறை, தொடைத் தமனி வழியாகப் போனால் அது புதிய முறை, புதியது கிடைக்காதவருக்குப் பழையதைக் கொடுத்தார்கள் என்று உறவினர்கள் எண்ணிவிடுகிறார்கள். கருவியும் பணமும் நிபுணரும் கிடைப்பது இந்த நாட்டில் ஒரு காரணம்தான், அதை மறுக்க முடியாது. ஆனால் பெரும்பாலான நோயாளிகளில் முடிவைத் தீர்மானிப்பவை இரண்டு கேள்விகள்: புடைப்பின் கழுத்து, அதாவது பை குழாயோடு சேரும் வாய், எவ்வளவு அகலமானது; புடைப்பு வெடித்துவிட்டதா இல்லையா. மருத்துவர் சொல்வதைப் பின்தொடர விரும்பும் குடும்பம் இந்த இரண்டையும் மனத்தில் வைத்துக்கொண்டால் போதும்.

மூளையின் அடிப்பகுதியில் தமனிகள் ஒன்றோடொன்று இணைந்து ஒரு வளையமாக அமைந்துள்ளன. வில்லிஸ் வட்டம் என்று அதற்குப் பெயர். அந்த வளையத்திலும் அதிலிருந்து கிளைகள் பிரியும் கவைகளிலும் ஓடிவரும் இரத்தம் சுவரில் நேராக மோதுகிறது. மூளைத் தமனிகளின் சுவர், உடலின் பிற பகுதிகளில் உள்ள அதே அளவுத் தமனிகளின் சுவரைவிட மெல்லியது. இரத்த அழுத்தம், புகைபிடித்தல், பரம்பரை, வயது ஆகியவை சேர்ந்து இந்த மோதல் இடங்களைத் தளர்த்தும்போது சுவர் வெளிப்புறமாகப் பிதுங்கிச் சிறு பையாகிறது. அதுவே அனியூரிசம், இங்கே அதைப் புடைப்பு என்றே குறிப்பிடுகிறேன். பெரியவர்களில் ஏறத்தாழ 100 பேரில் 3 பேருக்கு இது இருக்கிறது என்பதும், அவர்களில் பெரும்பாலோர் அது இருப்பதே தெரியாமல் வாழ்ந்து முடிக்கிறார்கள் என்பதும் முதலில் சொல்லப்பட வேண்டிய செய்திகள். பெரும்பாலான புடைப்புகள் 10 மில்லிமீட்டருக்கும் குறைவான அளவுடையவை; 25 மில்லிமீட்டரைத் தாண்டியவை மிகப் பெரியவை என்று தனி வகையாகக் கருதப்படுகின்றன. ஆண்களைவிடப் பெண்களிடம் இது அதிகம்.

வெடித்தால் நிலைமை முற்றிலும் வேறு. மூளையைப் போர்த்தியிருக்கும் படலங்களுக்கு இடையே, மூளை நீர் ஓடும் இடத்தில், தமனியின் முழு அழுத்தத்தோடு இரத்தம் பாய்கிறது. பக்கவாத வகைகள் அனைத்திலும் இது ஏறக்குறைய நூற்றுக்கு ஐந்து பங்குதான் என்றாலும், தாக்கப்படுபவர்கள் பெரும்பாலும் 50 வயதை ஒட்டியவர்கள். அவர்களில் மூன்றில் ஒரு பங்கினர் அளவுக்கு இறந்துபோகிறார்கள், சிலர் மருத்துவமனையை அடையும் முன்பே. அடையாளம் தலைவலிதான், ஆனால் வழக்கமான தலைவலி அல்ல: முன்னறிவிப்பின்றித் தொடங்கி, ஒரு நிமிடத்துக்குள் உச்சத்தை அடைந்து, வாழ்நாளில் அதுவரை அறியாத கடுமையோடு இருப்பது. வாந்தி, கழுத்து விறைப்பு, வெளிச்சம் தாங்காமை, சிறிது நேர மயக்கம் ஆகியவை கூடவே வரலாம். ஒரு கண்ணின் இமை திடீரெனச் சரிந்து, அந்தக் கண்ணின் பாவை விரிந்துபோனால், புடைப்பு கண்ணை அசைக்கும் நரம்பை அழுத்துகிறது என்று பொருள். வலி குறைவாக இருந்தாலும் அது அவசர நிலையே. நம் வீடுகளில் தலைவலி என்றதும் கை போகும் இடம் டிஸ்பிரின் அல்லது கிராண்ட்பா பவுடர். இரண்டிலும் ஆஸ்பிரின் இருக்கிறது. ஆஸ்பிரின் இரத்தம் உறைவதைத் தடுக்கிறது. திடீரென உச்சத்துக்கு ஏறிய தலைவலிக்கு இவற்றைக் கொடுத்துப் படுக்க வைத்துக் காலையில் பார்க்கலாம் என்று விடுவது ஆபத்து. 10177 என்ற எண்ணையோ, கைப்பேசியிலிருந்து 112 என்ற எண்ணையோ அழைத்து ஆம்புலன்ஸ் வரவழைப்பதே அப்போது செய்ய வேண்டியது. ஒரு முறை வெடித்த புடைப்பு மறுபடி வெடிக்கும் ஆபத்து முதல் 24 மணி நேரத்தில்தான் மிக அதிகம், இரண்டாம் முறை வெடித்தவர் பிழைப்பது அரிது.

மருத்துவமனையில் முதலில் எடுக்கப்படுவது சி.டி. ஸ்கேன். இந்தக் கருவியின் பிறப்பில் தென்னாப்பிரிக்காவுக்குப் பங்கு உண்டு என்பதை இந்நாட்டில் வாழும் நாம் நினைவில் கொள்ளலாம். ஜொகன்னஸ்பர்க்கில் 1924 இல் பிறந்த இயற்பியலாளர் ஆலன் கார்மக், கேப் டவுன் பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்திக்கொண்டிருந்தபோது, 1956 இல் குரூட்டே ஸ்கூர் மருத்துவமனையில் பகுதிநேரப் பணியை ஏற்றார். உடலின் வெவ்வேறு திசுக்கள் கதிர்களை வெவ்வேறு அளவில் உறிஞ்சுகின்றன என்பதால், பல கோணங்களில் இருந்து எடுத்த அளவுகளைக் கொண்டு உள்ளிருக்கும் அமைப்பைக் கணக்கிட்டுவிட முடியும் என்ற எண்ணம் அவருக்கு அங்கேதான் தோன்றியது. தம் கணக்குகளை 1963 இலும் 1964 இலும் வெளியிட்டார். அப்போது அதைக் கவனித்தவர்கள் மிகச் சிலரே. இங்கிலாந்தில் காட்ஃப்ரி ஹவுன்ஸ்ஃபீல்ட் தனியே உருவாக்கிய கருவியால் 1971 இல் முதல் நோயாளியின் மூளை படமெடுக்கப்பட்டது. 1979 இல் இருவரும் நோபெல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள். இன்றைய சி.டி. கருவிகள், தலைவலி தொடங்கிய ஆறு மணி நேரத்துக்குள் எடுக்கப்பட்டால், இந்த வகைக் கசிவைத் தவறவிடுவது மிக அரிது. நேரம் போகப் போக இரத்தம் மூளை நீரில் கரைந்து படத்தில் மங்கிவிடும். அப்போது முதுகுத்தண்டில் ஊசி செலுத்தி நீரை எடுத்து, அதில் மஞ்சள் நிறம் படிந்திருக்கிறதா என்று சோதிக்க வேண்டியிருக்கும். விரைவாகப் போவதால் கிடைக்கும் பயன் உயிரோடு நின்றுவிடுவதில்லை, நோயைச் சரியாகக் கண்டறிவதிலும் அது உண்டு.

கசிவு உறுதியானதும் புடைப்பு எங்கே, எந்த வடிவில் இருக்கிறது என்று பார்க்க, தமனிக்குள் சாயம் செலுத்திப் படமெடுக்கும் ஆஞ்சியோகிராம் எடுக்கிறார்கள். மூளைத் தமனிகளை இப்படி எக்ஸ்ரே படத்தில் முதன்முதலாகக் காட்டியவர் போர்ச்சுகல் நாட்டின் எகாஸ் மோனிஸ், ஆண்டு 1927. நான்கு ஆண்டுகள் கழித்து எடின்பரோவில் நார்மன் டாட், வெடித்த புடைப்பு ஒன்றை நோயாளியின் தசைத்துண்டால் சுற்றிப் பொதிந்தார். 1937 இல் அமெரிக்காவின் பால்டிமோரில் வால்ட்டர் டாண்டி, புடைப்பின் கழுத்தில் ஒரு வெள்ளிக் கிளிப்பைப் பொருத்தி அதை முழுமையாக ஒதுக்கிவிட்டார். இன்றைய கிளிப் அறுவை அதிலிருந்து வளர்ந்ததே. குழாய்க்கு உள்ளிருந்தே புடைப்பை அடைக்கலாம் என்பதை மாஸ்கோவின் ஃபியோதர் செர்பினென்கோ, கழன்று தங்கிவிடும் சிறு பலூன்களைக் கொண்டு 1970களில் காட்டினார். ஆனால் பலூன் தன் வடிவத்தைப் பையின் மேல் திணிக்கும். பையின் மெல்லிய சுவர் அந்த அழுத்தத்தைத் தாங்காமல் போகலாம். பையின் வடிவத்துக்குத் தானே இணங்கக்கூடிய மென்மையான பொருள் தேவைப்பட்டது. இத்தாலியரான கைடோ குக்லியெல்மி, கலிஃபோர்னியாவில் பணியாற்றியபோது, அதைப் பிளாட்டினத்தில் கண்டார். 1990 இல் முதல் நோயாளிக்கு அது பயன்படுத்தப்பட்டது. 1995 இல் அமெரிக்க அரசு அதற்கு அனுமதி வழங்கியது.

காயில் என்பது தலைமுடியைவிட மெல்லிய பிளாட்டினக் கம்பியைச் சுருளாகச் சுற்றியெடுத்த இழை. நோயாளியை முழு மயக்கத்தில் வைத்து, தொடை இடுக்கில் உள்ள தமனியிலோ மணிக்கட்டுத் தமனியிலோ ஊசியால் துளையிட்டு, கதீட்டர் என்ற மெல்லிய குழாய் ஒன்றைக் கழுத்துத் தமனி வரை ஏற்றுகிறார்கள். அதற்குள் இன்னும் மெல்லிய கதீட்டர் ஒன்று புடைப்பின் வாய்க்குள் செல்கிறது. மருத்துவர் பார்ப்பது எக்ஸ்ரே திரையில் நகரும் நிழலை மட்டுமே. முதல் காயில் பையின் சுவரை ஒட்டி வளைந்து ஒரு சட்டமாக நிற்கிறது; அடுத்தடுத்த காயில்கள் அந்தச் சட்டத்துக்குள் சிறிது சிறிதாக நிரப்பப்படுகின்றன. குக்லியெல்மியின் கண்டுபிடிப்பின் சிறப்பு இங்கேதான் இருக்கிறது. காயில் சரியாக அமராவிட்டால் அதை வெளியே இழுத்து மீண்டும் வைக்கலாம். சரியாக அமர்ந்துவிட்டது என்று உறுதியான பிறகே, காயிலையும் அதைத் தள்ளிச் செல்லும் கம்பியையும் இணைக்கும் எஃகுப் பகுதி வழியாக மிகச் சிறிய மின்னோட்டத்தைச் செலுத்துகிறார்கள். அந்த எஃகு இரத்தத்தில் கரைந்து அறுபட, காயில் உள்ளே தங்கிவிடுகிறது. பையின் கொள்ளளவில் நான்கில் ஒரு பங்கு அளவுக்குப் பிளாட்டினம் நிறைந்தாலே போதும். மீதி இடத்தில் ஓட்டம் நின்ற இரத்தம் உறைந்து பையை மூடிவிடும். ஆபத்துகள் இல்லாமல் இல்லை. வேலை நடக்கும்போதே புடைப்பு வெடிக்கலாம். இரத்தக்கட்டி உருவாகி மூளையின் வேறொரு பகுதிக்குப் போய் அடைத்துப் பக்கவாதம் வரலாம். படத்துக்காகச் செலுத்தப்படும் சாயம் சிறுநீரகத்தின் வழியாக வெளியேறுவதால், நீரிழிவால் சிறுநீரகம் பலவீனமானவர்களுக்குத் தனிக் கவனிப்பு தேவை. மெட்ஃபார்மின் மாத்திரை எடுப்பவர்கள் அதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

கிளிப்பா காயிலா என்ற கேள்விக்கு விடை தேடிய பெரிய ஆய்வு 2002 இல் வெளியானது. புடைப்பு வெடித்த 2,143 நோயாளிகளைச் சீட்டுக் குலுக்கல் முறையில் இரு பிரிவாகப் பிரித்து அந்தச் சர்வதேச ஆய்வு கவனித்தது. ஓராண்டு முடிவில் இறந்தவர்களும், பிறர் உதவியின்றி வாழ முடியாதவர்களும் சேர்ந்து, காயில் பிரிவில் 23.7 சதவீதம், கிளிப் பிரிவில் 30.6 சதவீதம். உலகெங்கும் காயிலின் பக்கம் பெரும் சாய்வு ஏற்பட்டதற்கு இந்த எண்களே காரணம். ஆயினும் இவற்றைப் படிக்கும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். கிளிப்பும் போடலாம், காயிலும் வைக்கலாம் என்று இரு தரப்பு மருத்துவர்களும் கருதிய நோயாளிகள் மட்டுமே இந்த ஆய்வில் சேர்க்கப்பட்டார்கள். அவர்களில் பெரும்பாலோர் நினைவோடு நல்ல நிலையில் இருந்தவர்கள், அவர்களுடைய புடைப்புகளும் சிறியவை. அகன்ற கழுத்துடைய புடைப்புக்கோ, மூளைக்குள் பெரிய இரத்தக்கட்டி சேர்ந்து அதை உடனே அகற்ற வேண்டிய நோயாளிக்கோ இந்த எண்களை அப்படியே பொருத்த முடியாது. மேலும், காயில் வைத்த புடைப்புகளில் ஏறக்குறைய ஐந்தில் ஒன்று காலப்போக்கில் ஓரளவு மீண்டும் திறந்துகொள்கிறது. கிளிப் சரியாகப் பொருந்திய புடைப்பில் அது அரிது.

இனி கழுத்துக்கு வருவோம். வாய் குறுகிய செம்பில் போட்ட பொருள் செம்பைச் சாய்த்தாலும் உள்ளேயே கிடக்கும். வாயகன்ற அண்டாவில் அது நடக்காது. புடைப்பும் அத்தகையதே. கழுத்து குறுகியிருந்தால் காயில்கள் தாமாகவே உள்ளே தங்கும். கழுத்து 4 மில்லிமீட்டருக்கு மேல் அகன்றிருந்தாலோ, பையின் அகலம் கழுத்தின் அகலத்தைப் போல இரண்டு மடங்குகூட இல்லாவிட்டாலோ, காயிலின் சுருள்கள் நழுவிப் பெரிய குழாய்க்குள் வந்து அதையே அடைத்துவிடக்கூடும். இதற்கு முதலில் கண்ட வழி, காயிலை நிரப்பும்போது கழுத்துக்குக் குறுக்கே ஒரு பலூனைச் சில நிமிடங்கள் ஊதி வைத்து, நிரம்பியதும் அதைச் சுருக்கி வெளியே எடுத்துவிடுவது. இதில் உடலில் காயில் தவிர வேறெதுவும் தங்குவதில்லை. பலூனாலும் தாங்க முடியாத அகன்ற கழுத்துக்கே ஸ்டென்ட் தேவைப்படுகிறது. நிக்கலும் டைட்டானியமும் கலந்த நிட்டினால் என்ற உலோகத்தில் செய்த இந்த மெல்லிய வலைக்குழாய், கதீட்டருக்குள் சுருங்கிப் போய், வெளியே வந்ததும் தானாக விரிந்து, கழுத்துக்குக் குறுக்கே நிலையான தடுப்பாக நிற்கிறது. அதன் கண்ணிகள் வழியாகவோ, அதற்கும் குழாய்ச் சுவருக்கும் இடையே முன்பே வைத்த கதீட்டர் வழியாகவோ காயில்கள் பைக்குள் போகின்றன. மூளைப் புடைப்புக்கென்றே செய்யப்பட்ட இத்தகைய ஸ்டென்ட் 2002 இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது.

2011 இல் அங்கே அனுமதிக்கப்பட்ட பைப்லைன் என்ற கருவி வேறு வழியில் வேலை செய்கிறது. அதன் பின்னல் மிக நெருக்கமானது. குழாயில் ஓடும் இரத்தத்தைத் தன் போக்கில் நேராக அனுப்பிவிடுவதால், பைக்குள் போகும் ஓட்டம் தளர்கிறது. பையினுள் தேங்கிய இரத்தம் மெல்ல உறைகிறது. வலையின் மேல் குழாயின் உள்தோல் வளர்ந்து கழுத்தை நிரந்தரமாக மூடுகிறது. காயில் இல்லாமலேயே பல புடைப்புகளை இது அடைத்துவிடும், ஆனால் உடனே அல்ல. பெரிய, அகன்ற கழுத்துடைய புடைப்புகளில் இதைச் சோதித்த ஆய்வில், ஆறு மாதத்தில் 73.6 சதவீதமும் ஐந்தாண்டில் 95.2 சதவீதமும் முழுமையாக மூடியிருந்தன. இடைப்பட்ட மாதங்களில் புடைப்பு திறந்தே இருக்கிறது என்பதை நோயாளி அறிந்திருக்க வேண்டும்.

இவ்வளவு நல்ல கருவி இருக்கும்போது எல்லாருக்கும் இதையே வைத்தால் என்ன என்ற கேள்வி இயல்பாகவே எழும். விடை இரண்டாவது கேள்வியில் இருக்கிறது: வெடித்ததா, இல்லையா. குழாயின் ஓட்டத்துக்கு நடுவே நிற்கும் எந்த உலோகத்தின் மேலும், இரத்தம் உறைய உதவும் இரத்தத் தட்டுகள் ஒட்டிக் கட்டியாகும். அதைத் தடுக்க ஆஸ்பிரினும் கிளோபிடோகிரெலும் சேர்த்துக் கொடுத்தாக வேண்டும். சற்று முன் வெடித்து இரத்தம் கசிந்த மூளைக்கு, இரத்தம் உறையாமல் செய்யும் இரண்டு மருந்துகளைக் கொடுப்பது எவ்வளவு சிக்கலானது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. அத்தகைய நோயாளிகளில் பலருக்கு, மூளை நீர் தேங்கி அழுத்தம் ஏறுவதால், மண்டையோட்டில் துளையிட்டு ஒரு வடிகுழாய் வைக்க வேண்டிவரும். அந்தத் துளையைச் சுற்றி இரத்தம் கசியும் ஆபத்தும் இந்த மருந்துகளால் கூடுகிறது. ஆகவே வெடித்த புடைப்பில் ஸ்டென்டை மருத்துவர்கள் கூடுமானவரை தவிர்க்கிறார்கள். பலூன் உதவியோடு காயில் வைப்பார்கள். அல்லது வெடித்த முனையை மட்டும் இப்போதைக்குக் காயிலால் அடைத்துவிட்டு, வாரங்கள் கழித்து நோயாளி தேறிய பின் ஸ்டென்டோடு வேலையை முடிப்பார்கள். அல்லது கிளிப் போடுவார்கள். வேறு வழியே இல்லாதபோது மட்டும் ஸ்டென்ட். வெடிக்காத புடைப்பில், மருந்துகளை நாட்களுக்கு முன்பே தொடங்கி, திட்டமிட்டு ஸ்டென்ட் வைக்க இடம் இருக்கிறது.

காயில் நன்றாக அமைந்துவிட்டது என்று மருத்துவர் சொன்ன பிறகும் நோயாளி தீவிர சிகிச்சைப் பிரிவில் இரண்டு மூன்று வாரங்கள் கிடப்பது குடும்பங்களை மிகவும் கலங்க வைக்கிறது. காயில் மறுபடி வெடிப்பதைத் தடுக்கிறது, ஏற்கெனவே கசிந்த இரத்தத்தை அது ஒன்றும் செய்வதில்லை. அந்த இரத்தம் சிதையும்போது, நான்காம் நாள் முதல் பதினான்காம் நாள் வரை, மூளைத் தமனிகள் சுருங்கிக்கொள்ளக்கூடும். முதல் நாள் பேசியவர் ஏழாம் நாள் பேச முடியாமல் போவது இதனால்தான். நிமோடிபின் மாத்திரை நான்கு மணி நேரத்துக்கு ஒரு முறை 60 மில்லிகிராம் வீதம் 21 நாட்கள் கொடுக்கப்படுவதும், தாதியர் இரவிலும் நோயாளியை எழுப்பிக் கையைத் தூக்கச் சொல்வதும் இதற்காகவே. எழுப்பாதீர்கள், தூங்கட்டும் என்று நாம் அன்போடு சொல்வது இங்கே பொருந்தாது.

குவாசூலு-நாட்டாலில் அரசு மருத்துவமனைக்குப் போகும் நோயாளிக்கு இந்தச் சிகிச்சை கிடைக்கும் இடம் டர்பனில் உள்ள இன்கோசி ஆல்பர்ட் லுதுலி மத்திய மருத்துவமனை. 2002 இல் அது திறக்கப்படும் வரை மாநிலத்தின் மூளை அறுவைப் பிரிவு வென்ட்வொர்த் மருத்துவமனையில் இருந்தது. லுதுலிக்கு நேராகப் போய்ச் சேர்ந்துகொள்ள முடியாது. சாட்ஸ்வர்த்தில் இருப்பவர் ஆர். கே. கான் மருத்துவமனைக்கும், ஃபீனிக்ஸில் இருப்பவர் மகாத்மா காந்தி நினைவு மருத்துவமனைக்கும் முதலில் போக, அங்கிருந்து மருத்துவர்கள் பேசி அனுப்பி வைக்க வேண்டும். வட கடற்கரையின் கரும்பு ஊர்களில் இருந்து வருபவருக்கு இந்த இடைவழி இன்னும் நீளம். முதல் 24 மணி நேரத்தின் மதிப்பை நினைக்கும்போது, தலைவலியை வீட்டில் வைத்துப் பார்த்துக் கழித்த இரவுதான் பல நேரங்களில் மிகப் பெரிய இழப்பாகிறது. காயிலும் ஸ்டென்டும் வெளிநாட்டில் இருந்து வருபவை, ஒரு புடைப்புக்குப் பல காயில்கள் தேவைப்படலாம், அவற்றைப் பொருத்தும் பயிற்சி பெற்றவர்கள் நாடு முழுவதிலும் மிகக் குறைவு. கிளிப்போ விலை குறைந்தது, அதைப் பொருத்தும் கைத்திறன் இந்நாட்டு மூளை அறுவை மருத்துவர்களிடம் வலுவாக இருக்கிறது. நடு மூளைத் தமனி கவையாகப் பிரியும் இடத்தில் உள்ள அகன்ற கழுத்துப் புடைப்புக்குச் செல்வ நாடுகளிலும் பலர் கிளிப்பையே தேர்ந்தெடுக்கிறார்கள். மண்டையைத் திறந்தார்கள் என்பதால் குறைந்த சிகிச்சை கிடைத்தது என்று எண்ணிக்கொள்வது, என் கருத்தில், தேவையற்ற துயரம்.

தனியார் மருத்துவமனைக்குப் போகும் குடும்பங்களுக்கு அச்சம் செலவைப் பற்றியது. அவசர சிகிச்சையை யாருக்கும் மறுக்கக் கூடாது என்று 1996 ஆம் ஆண்டு அரசமைப்புச் சட்டத்தின் 27 ஆம் பிரிவு சொல்கிறது. 1998 ஆம் ஆண்டின் மெடிக்கல் ஸ்கீம் சட்டப்படி, உண்மையான அவசர நிலைகள், எந்தத் திட்டத்தில் இருந்தாலும் மெடிக்கல் எய்ட் (மருத்துவச் செலவுத் திட்டம்) செலுத்தியாக வேண்டிய குறைந்தபட்சப் பயன்களில் அடங்கும். வெடித்த புடைப்பு அவசர நிலை என்பதில் ஐயமில்லை. வெடிக்காத புடைப்புக்கு முன்கூட்டியே எழுத்தில் ஒப்புதல் பெற வேண்டும். ஸ்டென்டும் காயிலும் எவ்வளவு வரை ஏற்கப்படும் என்பதையும் அப்போதே கேட்டுக்கொள்வது நல்லது.

ஸ்டென்ட் வைத்தவரின் வாழ்க்கையில் அதன் பிறகு மாத்திரைதான் முக்கியம். இரண்டு மருந்துகளையும் பல மாதங்கள், பெரும்பாலும் மூன்று முதல் ஆறு மாதங்கள், தவறாமல் எடுத்து, பின்னர் ஆஸ்பிரினை மட்டும் நெடுங்காலம் தொடர வேண்டும். இங்கே நம்மவர்களுக்கென்று தனியே ஒரு செய்தி உண்டு. கிளோபிடோகிரெல் விழுங்கியவுடன் வேலை செய்வதில்லை. கல்லீரலில் உள்ள ஒரு நொதி அதை மாற்றித் தந்த பிறகே அது பயன்படும். அந்த நொதியைப் பலவீனப்படுத்தும் மரபணு மாற்றம் ஐரோப்பியரைவிடத் தெற்காசிய வம்சாவளியினரிடம் அதிகம். அப்படிப்பட்டவர் மாத்திரையை ஒழுங்காக விழுங்கினாலும் ஸ்டென்டில் கட்டி உருவாகலாம். ஆகவே ஸ்டென்ட் வைக்கும் முன் இரத்தத் தட்டுகளின் மேல் மருந்து வேலை செய்கிறதா என்று சோதிக்கும் வசதி இருக்கிறதா எனக் கேட்பது நியாயமான கேள்வி. வேலை செய்யாவிட்டால் மாற்று மருந்துகள் உள்ளன. வயிற்றெரிச்சலுக்காகப் பக்கத்து டாக்டர் எழுதிக்கொடுக்கும் ஒமெப்ரசோலும் அதே நொதியைத் தடுக்கிறது. அவரிடம் கிளோபிடோகிரெல் எடுப்பதைச் சொன்னால் வேறு மருந்து தருவார்.

தைப்பூசத்துக்கும் சித்ரா பருவத்துக்கும் காவடி எடுப்பவர்கள் நம்மிடையே ஏராளம். உயிர் பிழைத்ததற்கு நேர்த்திக்கடனாக அடுத்த காவடியை வேண்டிக்கொள்பவர்களும் உண்டு, அந்த வேண்டுதலின் மதிப்பை நான் நன்கு உணர்கிறேன். ஆனால் விரத நாட்களில் மாத்திரையையும் சேர்த்து நிறுத்திவிடுவது ஸ்டென்ட் அடைபட வழிவகுக்கும். இரண்டு மருந்தும் எடுக்கும் மாதங்களில் அலகு குத்திக்கொண்டால் இரத்தம் எளிதில் நிற்காது. அலகு இல்லாமல் பால்குடமோ காவடியோ எடுப்பதற்குக் கோயிலில் தடை ஏதும் இல்லை. அதையும் வெயிலில் நடக்கும் அளவையும் மருத்துவரிடம் கேட்டே முடிவு செய்ய வேண்டும். பல் பிடுங்குவதற்கும் இதே விதி: மாத்திரையை நிறுத்துவதா என்ற முடிவு ஸ்டென்ட் வைத்த மருத்துவருடையது, பல் மருத்துவர் தனியாக எடுப்பதல்ல.

வேறு எதற்கோ ஸ்கேன் எடுக்கப்போய், வெடிக்காத புடைப்பு ஒன்று தற்செயலாகத் தெரியவருவது இப்போது அதிகமாகிறது. அதை உடனே அடைத்துவிட வேண்டும் என்ற பதற்றம் புரிந்துகொள்ளத்தக்கது. ஆனால் சிகிச்சைக்கும் ஆபத்து உண்டு என்பதால், புடைப்பின் அளவு, இடம், நோயாளியின் வயது, இரத்த அழுத்தம், முன்பு வேறொரு புடைப்பு வெடித்ததா என்பவற்றையெல்லாம் சேர்த்து எடைபோட்டே முடிவு எடுக்கப்படுகிறது. சிறிய புடைப்புகள் பலவற்றை ஸ்கேன் எடுத்துக் கண்காணித்து வருவதே சரியான சிகிச்சையாக இருக்கும். அந்தக் காலத்தில் நோயாளி செய்யக்கூடியவை இரண்டு, இரண்டும் அவர் கையில் இருப்பவை: புகைப்பதை அறவே விடுவதும் இரத்த அழுத்தத்தைக் கட்டுக்குள் வைப்பதும். பெற்றோர், உடன்பிறந்தோர், பிள்ளைகள் என்ற நெருங்கிய உறவில் இருவர் அல்லது அதற்கு மேற்பட்டோருக்குப் புடைப்பு இருந்த குடும்பங்களிலும், சிறுநீரகத்தில் நீர்க்கட்டிகள் நிறையும் பரம்பரை நோய் உள்ளவர்களிலும், மற்றவர்கள் முன்கூட்டியே எம்.ஆர்.ஐ. ஸ்கேன் செய்துகொள்வது பற்றி மருத்துவரிடம் பேசலாம். இதய வால்வில் தொற்று ஏற்பட்டவர்களுக்கும், எச்.ஐ.வி. தொற்றுள்ள சிலருக்கும் வரும் புடைப்புகள் வேறு வகை. அவை சீழ்த்தொற்றால் உருவாகலாம், அல்லது வட்டப் பையாக இல்லாமல் குழாயின் நீளவாக்கில் விரியலாம், அவற்றுக்கான சிகிச்சையும் வேறு.

காயில் வைத்தவர்கள் முதல் ஆண்டிலும் அதன் பின் சில ஆண்டுகளுக்கு ஒரு முறையும் படம் எடுத்து, பை மீண்டும் திறந்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். நன்றாகத்தானே இருக்கிறேன் என்று இந்தப் பரிசோதனையை விட்டுவிடுபவர்கள் பலர். மீண்டும் திறந்த புடைப்பு வலியைத் தருவதில்லை. பிளாட்டினத்தையும் நிட்டினாலையும் காந்தம் இழுப்பதில்லை என்பதால், இன்று பயன்படும் காயில், ஸ்டென்ட் வைத்தவர்கள் பெரும்பாலும் எம்.ஆர்.ஐ. எடுத்துக்கொள்ளலாம், பழைய காலத்து எஃகுக் கிளிப்புகள் சிலவற்றுக்கு மட்டும் இது பொருந்தாது. தலையில் உலோகம் இருக்கிறது என்று சொன்னதும் ஸ்கேன் பிரிவில் தயங்குவார்கள், ஆகவே எந்தக் கருவி, எந்த ஆண்டு, எந்த மருத்துவமனை என்று எழுதிய அட்டையை வெளியேறும் நாளிலேயே கேட்டு வாங்கி, அடையாள அட்டையோடு சேர்த்து வைத்துக்கொள்ள வேண்டும்.